மறுபடியும் டயட்டா, எடையை இலக்காக வைக்காத வழியா? எதை, யார், எப்போது தேர்ந்தெடுக்கலாம்

நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும் என்று பெரும்பாலான டயட் அட்டவணைகள் சொல்லும். ஒரு பவுண்டு கொழுப்பில் ஏறத்தாழ 3500 கலோரி இருக்கிறது என்ற 1958-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது இது. அதன்படி ஓராண்டில் 23 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு 23. யாருக்கும் அப்படிக் குறைவதில்லை. உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் சுருங்குகிறது என்பதை அந்தக் கணக்கு விட்டுவிட்டது.

அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 2011-இல் லான்செட் இதழில் இதைத் திருத்தியது. நாளுக்கு 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி இறங்க ஓராண்டு, ஏறக்குறைய முழுதும் இறங்க மூன்றாண்டு. ஆக, 500 கலோரியை ஒரு நாளும் தவறாமல் குறைப்பவருக்கு முதல் ஆண்டில் பத்து கிலோ இறங்கலாம். மூன்றாம் ஆண்டு முடிவில் இருபது கிலோ வாக்கில் எடை நின்றுவிடும். அந்த இருபதைக் காப்பாற்ற, அதே 500 கலோரிக் குறைப்பை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். மூன்று மாதத் திட்டம், ஆறு மாதத் திட்டம் என்று விற்கப்படும் எதிலும் இந்த விவரம் இருக்காது.

இரண்டு மூன்று முறை எடை குறைத்து, மறுபடி ஏறி, அடுத்து எதைத் தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு. அவர்கள் முன் உள்ள வழிகள் நான்கு: இன்னொரு டயட், எடையை இலக்காக வைக்காமல் உடல்நலத்தைக் கவனிக்கும் வழி, எடை குறைப்பு மருந்து, அறுவைச் சிகிச்சை. முதல் இரண்டையும் விரிவாகப் பார்ப்போம். பெரும்பாலானோர் தாங்களே முடிவெடுக்க வேண்டியது அவற்றுக்கு நடுவில்தான்.

டயட் ஏன் நிற்பதில்லை

மன உறுதி இல்லாததால் எடை திரும்பிவிட்டது என்ற குற்றச்சாட்டைப் பலர் தங்கள் மேலேயே சுமத்திக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது.

சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு நீரிழிவு மருந்தை ஓராண்டு எடுத்தவர்களை ஹாலின் குழு ஆராய்ந்தது. தங்கள் உடம்பிலிருந்து கலோரி வெளியேறுவது அவர்களுக்கே தெரியாது. டயட் இருக்கிறோம் என்ற நினைப்பும் இல்லை. எடை குறைந்தது. கூடவே அவர்கள் சாப்பிட்ட அளவு தானாக ஏறியது. 2016-இல் வந்த அந்த ஆய்வின் கணிப்புப்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்கு 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. பத்து கிலோ குறைத்தவரை அவருடைய பசி முன்பு சாப்பிட்டதைவிட ஆயிரம் கலோரி கூடுதலாகச் சாப்பிடத் தூண்டுகிறது என்று பொருள். செலவு குறைவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட மூன்று நான்கு மடங்கு பலத்தோடு இழுப்பது பசி.

அந்தப் பசி சில வாரங்களில் அடங்கிவிடும் என்று நம்பவும் வழியில்லை. 2011-இல் ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இறங்கியது. ஓராண்டு கழித்தும் வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது. அதற்குள் இழந்த எடையில் ஒரு பகுதி திரும்பியும்விட்டது.

அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, சராசரியாக இழந்த 58 கிலோவில் 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வில் அவர்கள் உடம்பு எரித்த கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவு. எடையை நன்றாகத் தக்கவைத்தவர்களிடம் அந்தக் குறைவு இன்னும் அதிகமாக இருந்தது.

மனம் என்ன ஆகிறது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். நாளுக்குச் சுமார் 1570 கலோரி. இன்றைய டயட் அட்டவணைகள் பலவற்றில் இதைவிடக் குறைவாகவே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இளைஞர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். சோதனை முடிந்தபின் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். டயட்டை விட்டவர் நள்ளிரவில் சமையலறைக்குப் போவதும் இதே விளைவுதான். பட்டினி கிடந்த உடம்பின் இயல்பான பதில் அது.

நீண்ட காலக் கணக்கு என்ன? அமெரிக்காவின் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2001-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஐந்து ஆண்டு முடிவில் மிஞ்சிய எடைக் குறைவு சராசரியாக 3 கிலோ. முதலில் குறைத்ததில் கால் பங்குக்கும் கொஞ்சம் கீழே. இது சராசரி என்பதை மறக்கக் கூடாது. பத்து கிலோவைக் காப்பாற்றியவரும் உண்டு, பழையதைவிட மேலே போனவரும் உண்டு.

எந்த டயட் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. 2018-இல் 609 பேரைக் கொழுப்பைக் குறைக்கும் அணி, மாவுச்சத்தைக் குறைக்கும் அணி என்று பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டில் ஒரு அணிக்கு 5.3 கிலோ, மற்றதற்கு 6 கிலோ. புள்ளியியல்படி இரண்டும் ஒன்றே. மாவுச்சத்தை நிறுத்தியவருக்கு முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது. டயட்டை நிறுத்திய வாரமே அது திரும்பும். அதைப் பார்த்து மனம் உடைபவர்கள் ஏராளம்.

எடையை இலக்காக வைக்காத வழி

இந்த வழியில் எடை தானாகக் குறையலாம், கூடலாம், அப்படியே நிற்கலாம். அதை வைத்து வெற்றி தோல்வியை அளப்பதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் வலு, தூக்கம், சாப்பாட்டோடு உள்ள உறவு ஆகியவை இலக்குகள். மேலை நாடுகளில் 'ஹெல்த் அட் எவ்ரி சைஸ்' என்ற பெயரில் இது இயக்கமாகவே நடக்கிறது. 'எப்படி வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. உண்மையில் இதிலும் உழைப்பு இருக்கிறது, அளவீடு இருக்கிறது.

எடை மாறாமலே உடல்நலம் மாறுமா? மாறும். 1997-இல் வெளியான டேஷ் ஆய்வில் 459 பேரில் ஒரு பிரிவினருக்குக் காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள் நிறைந்த உணவைக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் எடை மாறிவிடக் கூடாது என்று கலோரியைச் சரிசெய்துகொண்டே இருந்தார்கள். அப்படியும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு 11.4, கீழ் அளவு 5.5 குறைந்தது. ஒரு மாத்திரை தரும் அளவுக்கு இணையான பலன். நீரிழிவு உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி மட்டும் கொடுத்த சோதனைகளின் 2001-ஆம் ஆண்டுத் தொகுப்பில் எடை வேறுபாடு ஏறக்குறைய இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி சுமார் 0.66 சதவீதப் புள்ளி குறைந்தது. இதய நுரையீரல் திறன் குறைந்தவர்களின் இறப்பு அபாயம், எடை எதுவானாலும், திறன் உள்ளவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று காட்டியது.

இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்த சோதனையும் உண்டு. பல ஆண்டுகளாக டயட் இருந்து பழகிய, பருமனான 78 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். முடிவு 2005-இல் வெளியானது. ஆறு மாதப் பயிற்சிக்குள் டயட் அணியில் 41 சதவீதம் பேர் விலகினார்கள். மற்ற அணியில் 8 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் டயட் அணிக்கு எடையும் திரும்பியது, கிடைத்த நன்மைகளும் போயின. மற்ற அணிக்கு எடை மாறவில்லை. ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்த இடத்திலேயே நின்றன. எங்களைப் பொறுத்தவரை இதில் முக்கியமான எண் அந்த 41-க்கு 8. விலகிப் போனவருக்கு எந்த வழியும் பலன் தராது.

ஆனால் இந்த வழியின் ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் பெண்களிடம் நடத்தப்பட்டவை, இரண்டு ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தவை குறைவு. மாரடைப்பைத் தடுக்குமா என்று காட்டும் பெரிய சோதனை இதற்கு இல்லை. அந்தக் குறை டயட் பக்கமும் இருக்கிறது: நீரிழிவு உள்ள 5145 பேரைச் சுமார் பத்து ஆண்டு பின்தொடர்ந்த லுக் அஹெட் சோதனையில், முதல் ஆண்டில் 8.6 சதவீத எடை குறைத்தும், மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. தூக்கத்தில் மூச்சு அடைப்பு, மூட்டு வலி, மருந்துத் தேவை ஆகியவை குறைந்தன.

எடை குறைந்தே ஆக வேண்டிய இடங்கள்

இங்கேதான் எடையை இலக்காக வைக்காத வழியின் ஆதரவாளர்களோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு. சில நோய்களில் கிலோவுக்கே பலன் இருக்கிறது.

டைப் 2 நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்குள் இருப்பவர், இன்சுலின் போடாதவர், மருந்தில்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர விரும்பினால் எடைக் குறைப்புக்கு இணை இல்லை. பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில் மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி திரவ உணவு கொடுத்து, பிறகு படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திருப்பினார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 36 சதவீதமாக இறங்கியது. ஐந்து ஆண்டு வரை தொடர்ந்தவர்களில் தணிவில் நீடித்தது 13 சதவீதம். எடை திரும்பியவருக்கு நோயும் திரும்பியது.

கல்லீரலில் கொழுப்போடு அழற்சியும் இருந்தால் 7 முதல் 10 சதவீத எடைக் குறைவு அதைத் தணிக்கும். தூக்கத்தில் மூச்சு அடைப்பவர்களுக்குப் பத்து சதவீத எடை குறைந்தால் அடைப்பின் எண்ணிக்கை கால் பங்கு குறையும் என்பது கணிப்பு. முழங்கால் தேய்மானத்தில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. நீரிழிவின் வாசலில் நிற்பவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுத் தடுப்புச் சோதனை ஒரு நல்ல செய்தி: 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்ற இலக்கு வைத்த அணியில் மூன்று ஆண்டுகளில் நோய் 58 சதவீதம் குறைந்தது. பிறகு எடையில் பெரும்பகுதி திரும்பியும், பத்து ஆண்டுக் கணக்கில் 34 சதவீதக் குறைவு நீடித்தது.

மருந்தும் அறுவையும் பசியையே மாற்றுவதால் வேறு வகை. செமாக்ளுடைடு 2.4 மில்லிகிராம் வார ஊசி 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் குறைத்தது. நிறுத்திய ஓராண்டில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. இதய நோய் உள்ள 17,604 பேரிடம் நடந்த 2023-ஆம் ஆண்டுச் சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. டயட்டால் காட்ட முடியாத பலன் இது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல ஆண்டுக்கணக்கில் எடுக்கத் தயாராக இருந்தால் மட்டுமே இதைத் தொடங்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் என்று கேட்பவருக்கு இது ஏற்றதல்ல. அறுவைச் சிகிச்சையில் இருபது ஆண்டுக்குப் பின்னும் எடைக் குறைவு நிற்பதை ஸ்வீடன் ஆய்வு காட்டியிருக்கிறது. அதற்கு ஆயுள் முழுக்க வைட்டமினும் ரத்தப் பரிசோதனையும் விலை.

யாருக்கு எது

ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சோர்வு, மூச்சு வாங்குதல் இவைதான் பிரச்சினை என்றால் எடையை இலக்காக வைக்காத வழியில் தொடங்குங்கள். மூன்று முறைக்கு மேல் டயட் இருந்து எடை திரும்பியவர்களுக்கும் அதுவே. கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பவர், பட்டினி கிடப்பவர், சாப்பிட்டதற்குத் தண்டனையாக உடற்பயிற்சி செய்பவர் எந்த டயட்டையும் தொடங்கக் கூடாது. முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், தசை குறைந்துவரும் முதியவர்களுக்கும் கலோரிக் குறைப்பு தானாகச் செய்யும் காரியம் அல்ல.

மேலே சொன்ன நீரிழிவு, கல்லீரல், மூச்சு அடைப்பு, மூட்டு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் எடைக் குறைப்பு சரியான முடிவு. அப்போதும் 'எத்தனை கிலோ குறைப்பது' என்பதோடு 'குறைத்த பின் மூன்று ஆண்டு எப்படிக் காப்பது' என்பதையும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். நாளுக்கு 500 முதல் 600 கலோரிக்கு மேல் குறைக்காதீர்கள். எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் வாக்கில் புரதமும் வாரம் இரண்டு நாள் வலுப் பயிற்சியும் இல்லாவிட்டால், குறையும் எடையில் கால் பங்கு தசையாகப் போகும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு ஏறுகிறது. 800 கலோரித் திட்டம் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

மருந்து விஷயத்தில் அலட்சியம் ஆபத்து. இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மருந்துகளை எடுப்பவர் மாவுச்சத்தை அறவே நிறுத்தினால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். டைரக்ட் ஆய்வில் திரவ உணவு தொடங்கிய நாளிலேயே நீரிழிவு மருந்தையும் அழுத்த மருந்தையும் நிறுத்தியது இந்த வகை ஆபத்துகளுக்காகத்தான். அதை மருத்துவர் செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யக் கூடாது.

எடை மெஷினைப் பூட்டிவைத்த பின் என்ன செய்வது

முதல் வாரம் அளவீட்டுக்கு. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என ஒரு நிமிட இடைவெளியில் ரத்த அழுத்தம் பாருங்கள், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எழுதுங்கள். வீட்டில் 135/85 எட்டினால் அதிகம். எச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை ஒரு முறை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். செலவில்லாத இந்தச் சோதனை கால் வலுவை நன்றாகக் காட்டும்.

அடுத்த நான்கு வாரம் சாப்பாட்டை ஒழுங்குபடுத்த. பல ஆண்டு டயட் இருந்தவருக்குப் பசி உணர்வே மழுங்கியிருக்கும். 'பசித்தால் சாப்பிடு' என்ற அறிவுரை அவருக்குப் பயன்படாது. கடிகாரத்தைப் பார்த்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு சிற்றுண்டியும் சாப்பிட வேண்டும். பசி திரும்பிய பிறகு பத்துக்கு எத்தனை என்று அளவிடலாம்: சுழியம் மயக்கம் வரும் பசி, பத்து மூச்சு முட்டும் நிறைவு. மூன்றில் தொடங்கி ஏழில் நிறுத்துவது நல்லது. இரண்டுக்குக் கீழே போகவிட்டால் நிதானமாகச் சாப்பிட யாராலும் முடியாது.

உணவில் எதையும் வெட்டாமல் சேர்க்கத் தொடங்குங்கள். காய்கறியும் பழமும் சேர்ந்து நாளுக்கு 400 கிராம், நார்ச்சத்து 25 கிராம். உப்பு மட்டும் 5 கிராமுக்குள் இறங்க வேண்டும். நடை நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் 150 நிமிடத்துக்கு ஏற வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

எங்கே தவறும்? இதுவரை விலக்கிவைத்திருந்த உணவை முதல் சில வாரம் அளவுக்கு மீறிச் சாப்பிடுவார்கள், எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். பயந்து டயட்டுக்குத் திரும்பும் இடம் இதுதான். வேளை தவறாமல் சாப்பிட்டால் அந்த வேகம் தணியும். இன்னொரு தவறு, ஏழில் நிறுத்துவதையே புதிய டயட் ஆக்கி, எட்டுக்குப் போன நாளில் தன்னைத் திட்டிக்கொள்வது. மூன்றாவது தவறு, உள்ளூர எடை குறையும் என்று காத்திருப்பது. குறையாத மாதத்தில் நடையையும் விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவமனையில் 'எடையைப் பாருங்கள், எண்ணைச் சொல்லாதீர்கள்' என்று கேட்கலாம். மருந்து அளவு கணக்கிட எடை தேவைப்படும்போது தராசுக்கு முதுகு காட்டி நின்றால் போதும். எந்த வலிக்கும் 'முதலில் எடையைக் குறையுங்கள்' என்று பதில் வந்தால், 'இதே வலியோடு ஒல்லியான ஒருவர் வந்தால் என்ன பரிசோதனை செய்வீர்கள்' என்று கேளுங்கள். அந்தப் பரிசோதனை உங்களுக்கும் நடக்க வேண்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் முதல் வார அளவுகளை மறுபடி எடுங்கள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. அழுத்தம் இன்னும் 135/85-க்கு மேல் என்றாலோ எச்பிஏ1சி இறங்கவில்லை என்றாலோ மருந்தைச் சேர்க்கவோ மாற்றவோ மருத்துவரிடம் பேசுங்கள். அதற்காக நடையையும் சாப்பாட்டு ஒழுங்கையும் நிறுத்த வேண்டியதில்லை. எதையும் குறைக்காமலே உடை தளர்ந்துகொண்டே போனால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. காரணமில்லாத எடைக் குறைவுக்குத் தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, காசநோய், புற்றுநோய் எதுவும் அடியில் இருக்கலாம், அந்த வாரமே போய்ப் பார்க்க வேண்டும்.